யூ டிரில்லில் நடு டிப் மட்டும் ஏன் தெறிக்கிறது?

ஜூன் 3, இரவு 9:10 | கப்ளிங் கடை

இஎன் 8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) கப்ளிங் ஹப். வெளி விட்டம் 80, நீளம் 68, கடைசி போர் (உள் துளை) 28 எச்7 (எச்7-ங்கறது துளை அளவுத் துல்லிய வகுப்பு). 25 எம்எம் யூ டிரில் (முனையில கழட்டி மாட்டற கார்பைடு டிப் வெச்ச டிரில்), 4டி நீளம் (விட்டத்துல 4 மடங்கு), எஸ்பிஎம்ஜி சதுர டிப் ரெண்டு, நடுவுல ஒண்ணு, வெளி ஓரத்துல ஒண்ணு. 8 இஞ்ச் சக் போட்ட சிஎன்சி லேத்துங்க. 1200 ஆர்பிஎம், ஃபீட் சுத்துக்கு 0.05 எம்எம். சென்டர் டிரில் போட்டுட்டுத்தான் விடறோம், ஜி83 புரோகிராம் கோடுல 5 எம்எம் பெக் (5 எம்எம் போய், பின்வாங்கி, மறுபடி போறது). வெளி டிப் நல்லாத்தான் இருக்குது. நடு டிப் 30, 40 பீஸ்லயே மூலை தெறிச்சுடுது. வேற கம்பெனி டிப் போட்டும் அதேதான். சப்ளையர் இன்னும் கெட்டியான கிரேடு (டிப்போட கார்பைடு வகை) போடச் சொல்றாருங்க. எந்த கிரேடு போடலாம்?

ஜூன் 3, இரவு 10:25 | சிப் தட்டு

கிரேடை இப்போது தொடாதீர்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது.

யூ டிரில்லில் எந்த டிப் போனது என்பதே பாதி பதில். வெளி டிப் தேய்ந்தாலோ கருகினாலோ வேகம், கூலன்ட், கிரேடு என்று தேடலாம். வெளி டிப் நன்றாக இருந்து நடு டிப் மட்டும் தெறித்தால், மையத்தில் அதை ஏதோ இடிக்கிறது என்று பொருள். 1200 ஆர்பிஎம்மில் 25 எம்எம் துளையின் விளிம்பு நிமிடத்துக்கு 94 மீட்டர் ஓடுகிறது. மையத்திலிருந்து 1 எம்எம் தள்ளி வெறும் 7.5 மீட்டர். நட்ட நடுவில் பூஜ்யம். அந்த இடத்தில் டிப் வெட்டுவதில்லை, உலோகத்தை நசுக்கித் தள்ளுகிறது. நடுவுக்கு உடையாத கிரேடு, வெளியே தேயாத கிரேடு என்று பிரித்துக் கொடுப்பது இதனால்தான்.

உங்கள் கணக்கில் மூன்று விஷயம் உடனே கண்ணில் படுகிறது.

சென்டர் டிரில்லை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான யூ டிரில்லில் நடு டிப் வெளி டிப்பைவிடக் கொஞ்சம் முன்னால் நிற்கும். முதலில் அது தட்டையான முகத்தில் தொட்டு, டிரில்லை நிலைப்படுத்திய பிறகு வெளி டிப் இறங்கும். சென்டர் குழி இருந்தால் நடு டிப்பின் பாதி காற்றில் இருக்கும், மீதி 60 டிகிரி சரிவின் விளிம்பில் மோதும். வழிகாட்டத்தான் குழி என்ற எண்ணம் எச்எஸ்எஸ் (சாதாரண ஹைஸ்பீடு ஸ்டீல்) டிரில்லிலிருந்து வந்த பழக்கம். யூ டிரில்லுக்கு முகத்தை ஒரு ஃபேசிங் வெட்டு எடுத்துக் கொடுத்தால் போதும்.

பெக் வேண்டாம். ஒவ்வொரு முறை பின்வாங்கும்போதும் துளையின் அடியில் சிப் தங்கும், திரும்பி வரும் டிப் அதன் மேல் உட்காரும். இந்தக் கருவி ஒரே மூச்சில் போவதற்காகச் செய்யப்பட்டது. ஜி01-ல் (ஃபீடில் வெட்டும் நகர்வு) நேராக விடுங்கள், ஜி00-ல் (வேக நகர்வு) வெளியே வாருங்கள்.

வேகம் பாதிதான் இருக்கிறது. இஎன் 8-க்கு 180 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். 180-ஐ 1000-ஆல் பெருக்கி, 3.14-ஆலும் 25-ஆலும் வகுத்தால் 2290. 2300 ஆர்பிஎம் போடுங்கள். ஃபீட் 0.12.

ஜூன் 4, காலை 6:50 | சிப் தட்டு

நேற்று 0.12 என்று எழுதியது அவசரம். திருத்திக்கொள்ளுங்கள், 0.08-ல் தொடங்குங்கள்.

காரணம் இரண்டு. முதலாவது பவர். விட்டம் × ஃபீட் × வேகம் × வெட்டு எதிர்ப்பு, இதை 2,40,000-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். இஎன் 8-க்கு இவ்வளவு மெல்லிய சிப்பில் எதிர்ப்பு சதுர எம்எம்முக்கு 3000 நியூட்டனை ஒட்டி இருக்கும். 25 × 0.08 × 180 × 3000 போட்டால் 4.5 கிலோவாட். ஃபீட் 0.12 என்றால் எதிர்ப்பு கொஞ்சம் குறையும், அப்போதும் 6 கிலோவாட்டுக்கு மேல் கேட்கும். 8 இஞ்ச் சக் லேத் பலவற்றில் தொடர்ந்து கிடைப்பது 7.5 கிலோவாட், அதிலும் பெல்ட்டில், பேரிங்கில் ஒரு பங்கு போய்விடும். லோடு மீட்டர் நூறைத் தொட்டு ஆர்பிஎம் தொய்ந்தால் முதலில் அடிவாங்குவது நடு டிப்.

இரண்டாவது, உங்களுடையது 4டி டிரில். துளை 68 எம்எம்தான். 3டி-யே போதும், 75 எம்எம் வரை போகும். ஒரே தடிமன் கம்பி நீளத்தின் மும்மடியில் வளையும். 75-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட 2.4 மடங்கு வளைவு. "எதற்கும் இருக்கட்டும்" என்று நீள டிரில் வாங்கி வைப்பது பல கடைகளில் நடக்கிறது. ஒவ்வொரு துளையிலும் அந்தக் கூடுதல் நீளத்துக்கு நடு டிப் விலை கொடுக்கிறது.

ஜூன் 4, மதியம் 1:15 | அம்பத்தூர் லேத்

தம்பி, மேலே சொன்னது சரி. ஒண்ணு சேர்த்துக்கோ. கூலன்ட் டிரில்லுக்குள்ளே வருதா, மேலே ஊத்தறியா? மேலே ஊத்தற கூலன்ட் 68 எம்எம் ஆழத்துக்குப் போகாது. சிப் வெளியே வராம உள்ளேயே அரைபடும்.

ஜூன் 4, மாலை 4:40 | சிப் தட்டு

கூலன்ட் பற்றி அம்பத்தூர் நண்பர் கேட்டது முக்கியம். உள் கூலன்ட் இல்லாமல் யூ டிரில் ஓட்டக்கூடாது. அழுத்தம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், அளவு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. சிப்பைத் தூக்கி வெளியே கொண்டுவருவது அளவுதான். கைக்கணக்கு: டிரில் விட்டம் எத்தனை எம்எம்மோ, நிமிடத்துக்கு அத்தனை லிட்டர். உங்களுக்கு 25 லிட்டர். ஒரு பக்கெட்டை வைத்து டிரில் முனையிலிருந்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள்.

அளக்க முடியாவிட்டால் ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டுக் கூலன்டை மட்டும் போடுங்கள். முனையிலிருந்து வரும் பீச்சு தாழாமல் ஒரு அடியாவது நேராகப் போக வேண்டும். பிள்ளைகள் பைப் பிடிப்பதுபோல உடனே வளைந்து விழுந்தால் பம்ப் போதாது, அல்லது வழி அடைத்திருக்கிறது. அடைப்பு பெரும்பாலும் டரட்டிலிருந்து (கருவிகளை மாட்டிச் சுழற்றி மாற்றும் தலை) ஹோல்டருக்குப் போகும் சின்னத் துளையில் இருக்கும். ஹோல்டரின் பின்பக்கம் ஓ-ரிங் கிழிந்து, பாதி கூலன்ட் பின்னாலேயே ஒழுகுவதும் உண்டு.

கிடையாகப் போகும் 2டி, 3டி துளைக்கு 6, 8 பார் வைத்து ஓட்டலாம். 4டி, 5டி என்றால் 15, 20 பார் பம்ப் இருந்தால்தான் நிம்மதி. கலவை 6 முதல் 8 சதவீதம், ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து. கண்ணில் பார்த்து "பாலாட்டம் இருக்கு" என்று விடாதீர்கள்.

ஜூன் 5, இரவு 8:30 | கப்ளிங் கடை

சென்டர் டிரில், பெக் ரெண்டையும் எடுத்துட்டேனுங்க. 2300, 0.08. டிரில் 4டி-தான், 3டி ஆர்டர் போட்டிருக்கு. கூலன்ட் பீச்சு ஒரு அடிக்கு மேல நேராப் போகுது. ஒரு துளை 74 செகண்ட் எடுத்தது இப்ப 24 செகண்ட். சந்தோஷம்தான். ஆனா நடு டிப் 70 பீஸ்ல மறுபடி தெறிச்சிருச்சு. அதே மூலை, அதே இடம். பாதி ஆழத்துல நிறுத்திப் பார்த்தேன், துளை அடியில நடுவுல ஆணி மாதிரி ஒண்ணு நிக்குது. வெர்னியர்ல 0.8 வருது. அது இருக்கலாமுங்களா?

ஜூன் 5, இரவு 9:45 | சிப் தட்டு

அந்த ஆணியைப் பார்த்ததே பெரிய வேலை. இப்போதுதான் நோய் தெரிகிறது.

நடு டிப்பின் வெட்டு விளிம்பை மையக் கோட்டுக்கு ஒரு துளி கீழே வைத்துத்தான் டிரில்லைச் செய்கிறார்கள். வேண்டுமென்றேதான். விளிம்பு எவ்வளவு கீழே இருக்கிறதோ அதன் இரு மடங்கு தடிமனில் நடுவில் ஒரு குச்சி வெட்டப்படாமல் நிற்கும். அது டிப்பின் முன் முகத்துக்கு எதிரே, காலி இடத்தில் நிற்பதால் தானாக ஒடிந்து சிப்போடு போய்விடும். 0.3, 0.4 எம்எம் குச்சி நல்ல அறிகுறி. அரை எம்எம்மைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். உங்கள் 0.8 தடித்த குச்சி. சுலபத்தில் ஒடியாது, டிப்பின் முகத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், ஒடியும்போது மூலையையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

குச்சியே இல்லாவிட்டால் அது இன்னும் மோசம். விளிம்பு மையத்துக்கு மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போது வெட்டப்படாத உலோகம் டிப்பின் அடிப்பக்கத்தில், க்ளியரன்ஸ் முகத்தில் உட்கார்ந்து நசுங்கும். 70 பீஸ் எல்லாம் வராது, இரண்டு மூன்றிலேயே போகும்.

ஆகவே சிக்கல் டிப்பில் இல்லை, டரட் உயரத்தில். டரட் எப்போதாவது சக்கில் மோதியதா?

பார்க்கும் விதம்: டயலை (நுண்ணளவு காட்டும் முள் மானி) ஸ்டாண்டோடு சக்கில் பிடியுங்கள். டிரில்லைக் கழற்றிவிட்டு, ஹோல்டரின் உள் துளையில் டயல் முனை தொட, சக்கைக் கையால் சுற்றுங்கள். மேல், கீழ், இடம், வலம் நான்கையும் எழுதுங்கள். மேல் கீழ் வித்தியாசத்தில் பாதிதான் உயரப் பிழை. 0.03 எம்எம்முக்குள் இருக்க வேண்டும்.

ஜூன் 5, இரவு 10:20 | சிப் தட்டு

மேல், கீழ் என்று எழுதியது உங்கள் மெஷினுக்குப் பொருந்தாது. பெட் சரிவாக இருந்தால் நமக்குத் தெரியும் மேல் கீழ் வேறு, மெஷினின் மேல் கீழ் வேறு. எக்ஸ் அச்சு (டரட் சக் மையத்துக்குக் குறுக்கே நகரும் திசை) எந்தச் சரிவில் ஓடுகிறதோ அந்தத் திசையில் இரண்டு புள்ளி, அதற்குச் செங்குத்தாக இரண்டு புள்ளி. எக்ஸ் திசையில் வரும் பிழையை ஆஃப்செட்டில் (கன்ட்ரோலில் போடும் திருத்த எண்) சரிசெய்துவிடலாம். செங்குத்துத் திசையில் வருவதுதான் டிப்பை உடைப்பது. அதற்கு ஆஃப்செட் கிடையாது.

ஜூன் 6, காலை 7:05 | அம்பத்தூர் லேத்

டயல் ஸ்டாண்ட் தொங்கும், மறந்துடாதே. நீளமா கை நீட்டி வெச்சா அதுவே 5, 6 பாயின்ட் (ஒரு பாயின்ட் 0.01 எம்எம்) காட்டும். பிழை டரட்லயா ஸ்டாண்ட்லயான்னு தெரியாம டரட்டைத் தட்டி வெச்சவங்க உண்டு.

டரட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடி டிரில்லை 180 டிகிரி திருப்பி மாட்டிப் பாரு. பாதிப் பேருக்கு அதுலயே சரியாகும்.

ஜூன் 6, காலை 8:40 | சிப் தட்டு

தொங்கல் பற்றிச் சொன்னது நான் விட்டது. கழிக்கும் முறை: அதே ஸ்டாண்டை, அதே நீட்டத்தில், ஒரு தடித்த பாரில் கட்டுங்கள். டயல் முனை அந்தப் பாரின் மேலேயே தொடட்டும். பாரைக் கிடையாகப் பிடித்து, மெஷினில் எந்தச் சாய்வில் முதல் புள்ளியை எடுத்தீர்களோ அங்கே பூஜ்யம் வைத்து, அரைச் சுற்று உருட்டுங்கள். டயல் காட்டுவது முழுக்கத் தொங்கல். டரட்டில் வந்த எண்ணிலிருந்து அதைக் குறி பார்த்துக் கழியுங்கள். குட்டி லீவர் டயல் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், எடை குறைந்தால் தொங்கலும் குறையும்.

ஆனால் 180 டிகிரி திருப்புவதில் எனக்கு உடன்பாடில்லை, இந்த இடத்தில் அது ஆபத்து. டரட் பிழையால் விளிம்பு மேலே ஏறியிருந்தால், திருப்பி மாட்டும்போது அதே பிழை விளிம்பைக் கீழே இறக்கும். அங்கே வேலை செய்யும். குச்சி தடித்து வரலாம், டிப் உடனே உடையாது. பாதிப் பேருக்குச் சரியாவது இந்தக் கணக்கில்தான். இவருக்கோ விளிம்பு ஏற்கெனவே கீழே. திருப்பினால் மேலே ஏறிவிடும், முதல் பீஸிலேயே நடு டிப் போகும். திருப்புவதால் பிழை பக்கம் மாறுகிறது, அளவு அப்படியேதான் இருக்கிறது.

திருப்பித்தான் பார்க்க வேண்டும் என்றால் பழைய டிப்பை வைத்து 5 எம்எம் ஆழம் மட்டும் போய்க் குச்சியைப் பாருங்கள். எக்ஸ் ஆஃப்செட்டின் குறியும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

ஜூன் 6, காலை 9:30 | அம்பத்தூர் லேத்

ஒத்துக்கறேன். குச்சி தடிமன் பார்க்காம திருப்பச் சொன்னது தப்பு.

ஜூன் 7, இரவு 9:00 | கப்ளிங் கடை

எக்ஸ்-க்குச் செங்குத்தா 0.50 காட்டுச்சு. ஸ்டாண்ட் தொங்கல் 0.06 போக 0.44. அப்ப பிழை 0.22 கீழ. மூணு ஸ்டேஷன் பார்த்தேன், மூணுலயும் ஏறக்குறைய அதே. போன மாசம் சக் ஜா-வுல போரிங் பார் இடிச்சது உண்மைதானுங்க.

ஜூன் 7, இரவு 10:10 | சிப் தட்டு

எண்கள் ஒத்துப்போகின்றன. 0.8 குச்சி என்றால் விளிம்பு 0.4 கீழே. அதில் 0.22 டரட் பிழை. மீதி 0.18 டிரில்லிலேயே கொடுத்த இறக்கம். டரட்டைச் சரி செய்தால் குச்சி 0.36-க்கு வரும்.

மூன்று ஸ்டேஷனிலும் ஒரே பிழை என்பதால் ஹோல்டரை விட்டுவிடலாம். ஒரு ஸ்டேஷன் மட்டும் தப்பாக இருந்திருந்தால் ஹோல்டர் உட்காரும் இடத்தில் சிப் சிக்கியிருக்கும், அல்லது சாவி நசுங்கியிருக்கும். எல்லாம் ஒன்றுபோல் என்றால் டரட் தட்டு அதன் இருக்கையில் ஒரு துளி திரும்பியிருக்கிறது. தட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, தட்டை இடம் மாறாமல் நிறுத்தும் டோவல் பின்னை எடுத்து, டயலைப் பார்த்துக்கொண்டே தட்டித் திருப்பி, இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போதே 2, 3 பாயின்ட் நகரும், அதற்கு இடம் விட்டு நிறுத்த வேண்டும். டோவல் பழைய துளையில் உட்காராவிட்டால் துளையை ரீமர் போட்டு ஒரு அளவு பெரிய பின் போடுவார்கள். இதைச் சர்வீஸ் ஆளை வைத்துச் செய்யுங்கள். போல்ட் இறுக்கும் வரிசையும் டார்க்கும் உங்கள் மெஷினின் மேனுவலில் இருக்கும்.

அதுவரை லைன் நிற்க முடியாது என்றால் எக்சென்ட்ரிக் புஷ் கிடைக்கும். ஷாங்க்கின் (ஹோல்டர் பிடிக்கும் டிரில் தண்டு) மேல் போடும் புஷ், உள் வட்டமும் வெளி வட்டமும் ஒரே மையத்தில் இருக்காது. திருப்பினால் டிரில் சில பாயின்ட் ஏறும், இறங்கும். முகத்தில் கோடுகள் போட்டிருக்கும். இது தற்காலிகம். பிழை உயரத்தில் மட்டுமா, டிரில் அச்சே சாய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஹோல்டரில் ஒரு டெஸ்ட் பார் வைத்து இசட்டில் (சக் அச்சு நெடுக) 100 எம்எம் ஓட்டி, இரண்டு திசையிலும் டயல் பாருங்கள். 0.02-க்கு மேல் காட்டினால் புஷ் உதவாது.

ஜூன் 8, மதியம் 12:30 | சிப் தட்டு

டரட் வேலை நடக்கும் நேரத்தில் டிப் மாற்றும் விதத்தையும் பேசிவிடலாம். கேட்கப்படவில்லை, ஆனால் தொடர்ந்து தெறித்த டிரில்லில் இதைப் பார்க்காமல் புது டிப் போடுவது வீண்.

டிப் உடையும்போது அதன் துணுக்கு கீழே உட்காரும் பாக்கெட்டைக் குத்தியிருக்கும். நகத்தால் தடவினால் மேடு தெரியும். மேட்டின் மேல் உட்காரும் டிப் மூன்று இடத்தில் தாங்காமல் ஆடும். கண்ணுக்குத் தெரியாது, முதல் துளையிலேயே டிப் விரிசல் விடும். மேட்டை மட்டும் நுண்ணிய ஆயில் ஸ்டோனால் தேய்த்து எடுங்கள், பாக்கெட்டின் தளத்தைத் தேய்க்காதீர்கள். குழி விழுந்திருந்தால் டிரில்லின் ஆயுள் முடிந்தது.

ஸ்க்ரூவைக் கைக்குத் தோன்றியபடி இறுக்குவது இன்னொரு கொடுமை. டார்க்ஸ் 8 சாவி போடும் எம்2.5 ஸ்க்ரூவுக்குச் சுமார் 1.2 நியூட்டன் மீட்டர், டார்க்ஸ் 15 போடும் எம்3.5-க்குச் சுமார் 3. இது விரல் பலம், மணிக்கட்டு பலம் இல்லை. எல் சாவியின் நீளக் கையைப் பிடித்து முறுக்கினால் ஸ்க்ரூ நீண்டுவிடும். நீண்ட ஸ்க்ரூ பிடிக்காது, ஓடும்போது தளரும். பத்துப் பன்னிரண்டு முறை மூலை மாற்றியதும் ஸ்க்ரூவைத் தூக்கிப் போடுங்கள். ஒரு டிப் விலையில் எத்தனையோ ஸ்க்ரூ வாங்கலாம்.

எஸ்பிஎம்ஜி வகையில் உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே வடிவ டிப். இது வசதி, ஆபத்தும் இதுதான். கிரேடு வேறு, வடிவம் ஒன்று என்பதால் இடம் மாறிப் போய்விடும். தேயாத கிரேடை நடுவில் போட்டால் தெறிக்கும், உடையாத கிரேடை வெளியே போட்டால் சீக்கிரம் தேயும். இரண்டு டப்பா, இரண்டு நிற மூடி, மூடியில் "நடு", "வெளி" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஷிஃப்ட் மாறும்போது வாயால் சொல்லி அனுப்புவது மனதில் நிற்காது. டபிள்யூசிஎம்எக்ஸ் முக்கோண டிப்பிலும் இதே கதை. அதில் மூன்று மூலை, எஸ்பிஎம்ஜியில் நான்கு.

ஜூன் 8, மதியம் 12:55 | சிப் தட்டு

எண் படிக்கத் தெரியாமல் தவறான டிப் வாங்குவதும் நடக்கிறது. எஸ்பிஎம்ஜி 07டி308 என்றால்: எஸ் சதுரம், பி 11 டிகிரி க்ளியரன்ஸ், எம் அளவுத் துல்லிய வகுப்பு, ஜி நடுத்துளையும் இரு முகத்தில் சிப் பிரேக்கரும். 07 பக்க நீளம், டி3 என்பது 3.97 எம்எம் தடிமன், 08 என்பது மூலை ஆரம் 0.8. டி3-க்குப் பதில் 03 வாங்கினால் தடிமன் 3.18. முக்கால் எம்எம்முக்கு மேல் வித்தியாசம், விளிம்பு அந்த அளவு இறங்கிப்போகும்.

ஜூன் 9, இரவு 8:15 | ஹோசூர் விஎம்சி

இதே டிரில் விஎம்சி-ல (டூல் சுத்தற செங்குத்து மெஷினிங் சென்டர்) போட்டா? எங்களுக்கு இஎன் 24 (அலாய் ஸ்டீல்) பிளேட், 32 எம்எம் துளை, ஸ்பிண்டில் வழியா கூலன்ட் இருக்கு. ரெண்டு 25 எம்எம் பிளேட்டை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு ஒரே தரம் அடிக்கறோம். இரண்டாவது பிளேட்ல போய் ரெண்டு டிப்பும் காலி.

ஜூன் 9, இரவு 9:20 | சிப் தட்டு

பிளேட்டை அடுக்குவதை இன்றே நிறுத்துங்கள். இது ஃபீட், கிரேடு விஷயமே இல்லை.

யூ டிரில் துளையை முடிக்கும்போது அடியில் ஒரு வட்டத் தகடு அறுந்து விழும், காசு மாதிரி. ஒற்றைப் பிளேட்டில் அது கீழே போய்விடும். அடுக்கினால் இரண்டு பிளேட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு டிரில்லோடு சேர்ந்து சுற்றும். டிப் அதை வெட்ட முடியாது, தள்ளவும் முடியாது. நன்றாக இறுக்கினாலும் இடைவெளி இல்லாமல் உட்காராது.

இஎன் 24, 30 எச்ஆர்சி (கடினத்தன்மை அளவு) வாக்கில் இருந்தால் 130 மீட்டர், 0.08. 32 எம்எம்முக்கு 1290 ஆர்பிஎம் வரும். ஜி81 (பெக் இல்லாத டிரில் கோடு) போதும், ஜி83 வேண்டாம். ஒவ்வொரு பிளேட்டுக்கும் கீழே தகடு விழ இடம் விட்டு பேரலல் (சம உயரத் தாங்கு கட்டை) வையுங்கள்.

விஎம்சி-யில் டிரில் சுற்றுகிறது, ஆஃப்செட் வைத்து விட்டத்தை மாற்ற முடியாது. ஹோல்டரில் சுற்று ஆட்டம் எவ்வளவோ அது துளையில் தெரியும். கோலெட் வேண்டாம், பக்க ஸ்க்ரூ உள்ள ஹோல்டர் போடுங்கள், ஷாங்க்கின் பட்டையில் ஸ்க்ரூ சரியாக உட்காரட்டும்.

ஜூன் 9, இரவு 9:50 | சிப் தட்டு

அந்தக் காசு பற்றி லேத் ஆட்களுக்கும். லேத்தில் பீஸ் சுற்றுவதால் அறுந்த தகடும் சுற்றிக்கொண்டே தெறிக்கும், ஜா இடைவெளியில் வெளியே வரும். 2300 ஆர்பிஎம்மில் 25 எம்எம் விட்ட இரும்புத் தகடு, ஓரம் கத்திபோல் இருக்கும். கதவு இன்டர்லாக்கைக் கம்பி போட்டு ஏமாற்றிவிட்டு எட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த வேலையில் கட்டாயம் விடுங்கள். கதவுக் கண்ணாடி கீறி மங்கியிருந்தால் மாற்றுங்கள். கூலன்ட் பட்டுப் பட்டு பாலிகார்பனேட் பலம் இழக்கும், பார்க்க முழுதாக இருந்தாலும்.

சக் நடுவில் துளை உள்ள மெஷினில் தகடு பின்னால் டிரா டியூபுக்குள் போய் உட்காரும். பத்து நாளில் ஒரு கூட்டமே சேர்ந்து சிலிண்டர் பக்கம் கலகலக்கும். சக் துளைக்கு ஒரு மூடி கடைந்து போட்டுவிடுங்கள், கூலன்டும் உள்ளே போகாது.

கடைசி 3 எம்எம்முக்கு ஃபீட்டைப் பாதியாகக் குறைத்தால் தகடு மெல்லிசாக அறும், பின்பக்கப் பிசிறும் குறையும். துளை நீளத்தைத் தாண்டி 3, 4 எம்எம் போனால் போதும்.

ஜூன் 11, இரவு 7:40 | கப்ளிங் கடை

சர்வீஸ் வந்து டரட் நேர் பண்ணிட்டாங்க. இப்ப செங்குத்துல 0.02. 3டி டிரில்லும் வந்துச்சு. குச்சி 0.4-க்குள்ள. நடு டிப் ஒரு மூலை 300 தாண்டி இன்னும் ஓடுது, வெளி டிப்தான் முதல்ல தேயுதுங்க. ஆனா சிப் சில நேரம் நூல் மாதிரி நீளமா வருது. மெட்டீரியல் ஹீட் (ஸ்டீல் உருக்கின லாட்) மாறினதுல இருந்து.

ஜூன் 11, இரவு 8:30 | சிப் தட்டு

வெளி டிப் முதலில் தேய்ந்தால் டிரில் சரியாக இருக்கிறது. க்ளியரன்ஸ் பக்கத் தேய்மானம் 0.25, 0.3 எம்எம் வந்ததும் மூலை மாற்றுங்கள், துளை அளவு தாண்டும் வரை காத்திருக்காதீர்கள். மாற்றும்போது நடு டிப்பையும் லென்ஸில் பாருங்கள். விளிம்பில் பொடித்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

சிப் பற்றி: இரண்டு டிப்பும் இரண்டு வகை சிப் தரும். நடு டிப்பிலிருந்து கூம்பு போல் சுருண்டு வரும், வெளி டிப்பிலிருந்து அரை வட்டமாக, காற்புள்ளி மாதிரி. சிப் தட்டில் கை நிறைய அள்ளிப் பார்த்தால் பிரித்துச் சொல்லலாம் (கையுறையோடு). நீளமாக வருவது எது? கூம்பு வகையாக இருந்தால் நடு டிப், மற்றது வெளி.

இஎன் 8-ல் நீண்டால் ஃபீட்டை 0.08-லிருந்து 0.10-க்கு ஏற்றுங்கள், தடித்த சிப் சீக்கிரம் ஒடியும். கார்பன் குறைந்த மைல்டு ஸ்டீலில் இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். அங்கே வேகத்தை 220, 240-க்கு ஏற்றி ஃபீட்டை 0.05, 0.06-க்கு இறக்குவதுதான் வழி. ஹீட் மாறியதும் நீண்டது என்றால் வந்திருப்பது இஎன் 8-தானா என்று ஒரு துண்டு கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

ஜூன் 12, காலை 10:05 | கப்ளிங் கடை

டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கேன். கடைசியா ஒண்ணுங்க. 25-ல இருந்து 28-க்கு ரஃப் போரிங் பார் ஒரு தரம், ஃபினிஷ் ஒரு தரம். அந்த ரஃபை யூ டிரில்லிலேயே எக்ஸ் ஆஃப்செட் குடுத்து முடிச்சுட்டா ஒரு டூல் மிச்சமாகுமே?

ஜூன் 12, இரவு 9:35 | சிப் தட்டு

இரண்டு வழி இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதல் வழி, துளை போடும்போதே எக்ஸை வெளிப் பக்கம் நகர்த்துவது. இரண்டு டிப்பின் வெட்டுப் பாதையும் நடுவில் கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். எக்ஸை 0.3 நகர்த்தினால் வெளி டிப்பின் பாதை 0.3 வெளியே போகும், எதிர்ப்பக்கம் உள்ள நடு டிப்பின் பாதை 0.3 உள்ளே சுருங்கும். ஏறியிருந்த பகுதி 0.6 குறைகிறது. அது தீர்ந்துவிட்டால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம் வெட்டப்படாமல் நிற்கும், டிரில் உடம்பு அதில் போய் மோதும். எவ்வளவு நகர்த்தலாம் என்பது ஒவ்வொரு விட்டத்துக்கும் கேட்டலாகில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். உள்பக்கம் நகர்த்தி துளையைச் சின்னதாக்கவும் கூடாது, டிரில்லின் முதுகு துளைச் சுவரில் உரசும். இது வேலை செய்ய டிப்கள் எக்ஸ் அச்சுக்கு இணையாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஷாங்க் பட்டை தவறான பக்கம் பார்த்தால் ஆஃப்செட் கொடுத்ததெல்லாம் உயரப் பிழையாகப் போய்ச் சேரும், மறுபடி குச்சியில் வந்து நிற்பீர்கள்.

இரண்டாவது வழி, 25-ல் துளையை முடித்துவிட்டு வெளியே வந்து, எக்ஸை மாற்றி, வெளி டிப்பை மட்டும் வைத்து போரிங் வெட்டு எடுப்பது. உங்களுக்கு ஏற்றது இதுதான். ஆனால் 25-லிருந்து 27.5-க்கு ஒரே வெட்டு என்றால் பக்கத்துக்கு 1.25 ஆழம், 3டி நீளத்தில் கிரீச்சிடும். 26.3, 27.5 என்று இரண்டாகப் பிரியுங்கள், ஃபீட் 0.1. அப்போதும் சத்தம் வந்தால் ஆர்பிஎம்மை 1500-க்கு இறக்குங்கள்.

இரண்டு வெட்டு எடுத்தால் மிச்சமாகும் நேரம் டரட் ஒரு முறை சுற்றும் நேரம்தான். 27 எம்எம் யூ டிரில் வாங்கினால் ரஃப் வெட்டே வேண்டாம், பக்கத்துக்கு அரை எம்எம் ஃபினிஷுக்கு இருக்கும். 27-க்கு 180 மீட்டர் என்றால் 2120 ஆர்பிஎம், பவர் 4.9 கிலோவாட் கேட்கும், உங்கள் மெஷின் தாங்கும். யூ டிரில் துளை 0.2, 0.25 வரை பெரிதாக வரலாம், அதற்கும் இடம் இருக்கிறது.

ஜூன் 12, இரவு 9:50 | சிப் தட்டு

27 வாங்கும் முன் இப்போது கைவசம் உள்ள டிப் அதில் உட்காருமா என்று பாருங்கள். 25-க்கும் 27-க்கும் நடுவில் டிப் அளவு மாறும் வரிசைகள் உண்டு. மாறினால் ஸ்டாக்கில் இருக்கும் டிப்பை 25-லேயே ஓட்டித் தீர்த்துவிட்டு மாறுங்கள்.